தெருவுக்கு ஓர் ஆட்சேபணை

பாதாள சாக்கடை இணைப்புக் கட்டணத்தை உயர்த்தப் போகிறார்கள் என்ற சேதி நகராட்சியின் தீர்மானப் புத்தகத்தில் ஏறுவதற்கு முன்பே ஆட்சேபணையாளரின் காதில் ஏறிவிடும். எப்படி என்று கேட்காதீர்கள். அவர் ஓய்வு பெற்றவர். தணிக்கைத் துறையிலோ மின்வாரியத்திலோ காலம் முழுக்க அடுத்தவர் எழுதிய நோட்டில் சிவப்பு மையால் 'விளக்கம் தேவை' என்று எழுதிக் கொண்டிருந்தவர். பணி நிறைவு விழாவில் சால்வையும் சந்தன மாலையும் வாங்கிக்கொண்டார். சிவப்புப் பேனாவை மட்டும் ஒப்படைக்க மறந்துவிட்டார்.

தமிழ்நாட்டில் பேரூராட்சியாக இருந்து நகராட்சியான எந்த ஊருக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். கையில் ஒரு ரெக்சின் பை இருக்கும். அதற்குள் பழைய வீட்டு வரி ரசீதுகள், வீடு கட்டிய மேஸ்திரியின் கணக்குச் சீட்டு, நகராட்சி அனுப்பிய பதில் கடிதங்கள், ஒரு சின்ன உறையில் கோர்ட் ஃபீ ஸ்டாம்புகள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது என்பது அவருக்குத் தம் கல்யாண வருஷத்தைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது. பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேள்வி கேட்டால் முப்பது நாளைக்குள் ஒருவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். வீட்டில் அவருக்கு இந்த வசதி கிடையாது.

2022 ஏப்ரலில் சொத்து வரி ஏறியபோதே அவர் கச்சை கட்டிவிட்டார். சிறு நகரங்களில் 600-லிருந்து 1,200 சதுர அடி வரை ஐம்பது சதவீத உயர்வு, அதைத் தாண்டினால் 1,800 வரை எழுபத்தைந்து என்றார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டை அளந்தார். மாடிப்படி வீட்டோடு சேராது, அது மேலே போகும் வழி மட்டுமே என்று எழுதிய மனு இன்னும் பரிசீலனையில் இருப்பதாகக் கேள்வி. அதே வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. மற்றவர்களுக்கு அதனால் என்ன கிடைத்ததோ, இவருக்கு மைக் கிடைத்தது.

கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடக்கும். கவுன்சிலர் அம்மா நடுவில், அவருக்குப் பக்கத்தில் எந்தப் பதவியும் இல்லாத, ஆனால் எல்லாரும் வணக்கம் சொல்கிற அவர் கணவர், ஓரத்தில் வரைபடச் சுருளோடு நகராட்சியின் ஜூனியர் இன்ஜினியர், இளம் ஜே.இ. நம்மவர் முன்வரிசையில் உட்கார மாட்டார். மூன்றாவது வரிசை ஓர நாற்காலிதான். எழுந்து நிற்கும்போது பின்னால் இருப்பவர்களும் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "மைக் எதுக்கு, என் குரலே போதும்" என்றுதான் ஆரம்பிப்பார். மைக் கைக்கு வந்தபின் அதைத் திரும்ப வாங்க ஆள் அனுப்ப வேண்டும்.

"நான் கட்டணத்துக்கு எதிரி இல்லம்மா." எதிர்க்கப் போகிறார் என்பதற்கு இதுதான் மணி. "1920ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டத்துல..."

ஜே.இ. பணிவாக எழுந்தார். "சார், அது இப்ப இல்ல. 1998 சட்டம் 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்துடுச்சு."

"தொண்ணூத்தெட்டுல போட்ட சட்டம் எப்ப அமலுக்கு வந்துச்சு?"

"இருபத்துமூணுல, சார்."

"எழுதிக்குங்க. ஒரு சட்டத்தை அமலாக்க இருபத்தஞ்சு வருஷம். இவங்கதான் எனக்குக் கனெக்‌ஷன் குடுக்கப் போறாங்களாம்!"

ஹாலே கை தட்டியது. கவுன்சிலரின் கணவர்கூடத் தட்டப் போய், சட்டென்று கையைத் தேய்த்துக்கொண்டார்.

ஜே.இ. பாவம், படித்ததை எல்லாம் சொல்லிப் பார்த்தார். சாக்கடைக் குழாயில் கழிவுநீர் வினாடிக்கு அறுபது சென்டிமீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் கசடு அடியில் தங்காது. தெருவில் பாதி வீடு இணைப்பு வாங்காவிட்டால் ஓட்டம் குறையும், மண் சேரும், அடைத்துக்கொள்ளும், மேன்ஹோல் வழியாக மேலே வரும். ஆகவே எல்லாரும் சேர்ந்தால்தான் எல்லாருக்கும் நல்லது. எனக்கு இது நியாயமாகவே பட்டது.

"அப்ப எதுக்கு இவ்வளவு பெரிய குழாய் போட்டீங்க?"

"இன்னும் முப்பது வருஷத்துக்கு அப்புறம் இருக்கப்போற ஜனத்தொகைக்குக் கணக்குப் பண்ணிப் போடுறது, சார்."

"அப்ப முப்பது வருஷம் கழிச்சு வரப்போறவன் கட்டட்டும்."

இதற்கு ஐ.ஐ.டி.யில்கூடப் பதில் கிடையாது. ஜே.இ. வரைபடத்தைச் சுருட்டினார்.

அவர் சொல்வதெல்லாம் அபத்தம் என்று தள்ளிவிட முடிந்தால் எழுதுகிற எனக்கு வசதியாக இருக்கும். முடியவில்லை. டெபாசிட்டை முன்கூட்டியே வசூலித்தார்கள். தெருவைத் தோண்டினார்கள். மூடினார்கள் என்று சொல்ல முடியாது, மண்ணைத் தள்ளிவிட்டுப் போனார்கள். முதல் மழையில் அது அமுங்கி, பால்காரரும் ஸ்கூட்டரில் போன டீச்சரும் விழுந்து எழுந்தார்கள். ஜங்ஷனில் மேன்ஹோல் மூடி ரோட்டைவிட அரையடி மேலே நிற்கிறது, அதன் தலையில் யாரோ வேப்பங்கொத்து செருகிவைத்தார்கள். கழிவுநீரேற்று நிலையத்துக்கு இடம் தர எந்தத் தெருவும் சம்மதிக்காததால் குழாய் வெறுமனே கிடந்தது. "என் டெபாசிட்டுக்கு வட்டி எங்கே?" என்று அவர் கேட்டபோது மேடையில் இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போன் வந்தது.

ஆனால் அன்று கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டது அவர் இல்லை. தெருக்கோடிப் பள்ளத்து வீட்டு அக்கா எழுந்து, "கட்டணத்த ஏத்துங்க, ஏத்தாம போங்க, எப்ப கனெக்‌ஷன் குடுப்பீங்க? லாரிக்குக் குடுத்தே மாளல" என்றார். அவருடைய செப்டிக் டேங்க் மழைக்காலத்தில் நிறைந்து வழியும், லாரிக்காரரோ மழைக்காலத்தில்தான் ரேட்டை ஏற்றுவார். கை தட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பதால் யாரும் தட்டவில்லை.

இன்னொன்றையும் யாரும் பேசவில்லை. கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படி இறங்கிச் சாகிறவரின் குடும்பத்துக்குத் தரவேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக உயர்த்தியது. அந்த உயர்வை ஆட்சேபித்தோ ஆதரித்தோ எங்கள் ஹாலில் ஒரு நாற்காலியும் நகரவில்லை.

ஆட்சேபணையாளர் வீட்டுக்கு மட்டும் கழிவுநீர் லாரி வந்து நான் பார்த்ததில்லை. "எங்க டேங்க் நிறையறதே இல்ல. அந்தக் காலத்து மேஸ்திரி கட்டினது" என்பார், பெருமையாக. அவர் வீட்டுச் சுற்றுச்சுவருக்கு வெளியே, செம்பருத்திச் செடி மறைவில், நாலு அங்குல பிவிசி குழாய் ஒன்று மழைநீர் வடிகாலை எட்டிப் பார்த்துக் கொண்டிருக்கும். வானத்தில் மேகமே இல்லாத மே மாதத்திலும் அந்த வடிகாலில் நீரோட்டம் உண்டு. தெருவுக்கே தெரியும். ஆனால் தெருவில் செம்பருத்தி வளர்ப்பவர் அவர் ஒருவர் மட்டும் இல்லையே, யார் போய்க் கேட்பது?

தீர்மானம் நிறைவேறியது. அதை எதிர்த்து அவர் ஆட்சியருக்கு மனு எழுதினார், முதல்வரின் தனிப்பிரிவுக்கு நகல் அனுப்பினார், வாட்ஸ்அப் குழுவில் 'விழித்துக்கொள்ளுங்கள்' என்று காலை நான்கரைக்குப் போட்டு விழித்திருக்காதவர்களையும் எழுப்பினார். ஒருவரும் விண்ணப்பிக்கக் கூடாது, நாம் உறுதியாக நின்றால் அவர்கள் இறங்கி வருவார்கள் என்பது கட்டளை. தெரு உறுதியாக நின்றது.

பழைய கட்டணத்துக்குக் கடைசி நாளன்று வீட்டு வரி கட்டலாம் என்று நகராட்சிக்குப் போயிருந்தேன். கவுன்ட்டர் இன்னும் திறக்கவில்லை. வரிசையில் முதலாவதாக ஒரு ரெக்சின் பை நின்று கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் கொஞ்சமும் கூசவில்லை. "உள்ளே போய்த்தான் சார் எதிர்க்கணும். இணைப்பு இல்லாதவன் ஆட்சேபணை செல்லாதுன்னு நாளைக்குச் சொல்லிடுவான்" என்றார். ரசீதில் காற்புள்ளி ஒன்று தப்பாக இருப்பதாகக் குமாஸ்தாவிடம் சொல்லி, திருத்தி, சுருக்கொப்பமும் வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார்.

அடுத்த பகுதி சபையில் அதே மூன்றாவது வரிசை, அதே ஓர நாற்காலி. ஆனால் பேச்சில் ஒரு புது மிடுக்கு. குழாயில் ஓட்டம் போதவில்லை, கசடு தங்குகிறது, வினாடிக்கு அறுபது சென்டிமீட்டர் வேண்டும் என்று ஜே.இ.க்கே பாடம் எடுத்தார். பிறகு தெருக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஓர் ஆட்சேபணை உண்டு. இன்னும் இணைப்பு வாங்காம இருக்காங்களே, இவங்களுக்கு அபராதம் என்ன போட்டிருக்கீங்க?"