ஹை-ஹேட் இறுக்கம்: தாம்பரம் வட்டார வழக்கு குறித்து ஓர் ஆய்வு

ஞாயிற்றுக்கிழமை காலை. தாம்பரம் பக்கத்துத் தேவாலயம் ஒன்றில் முதல் ஆராதனை முடிந்து, இரண்டாவதற்குக் கூட்டம் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. டிரம்ஸ் வாசித்த அண்ணன் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கிறார். அடுத்து வாசிக்க வேண்டிய தம்பி உட்கார்ந்ததும் கிக்கைத் தொடவில்லை, ஸ்நேரைத் தொடவில்லை. இடது பக்கம் சாய்ந்து, ஹை-ஹேட் கிளட்சின் திருகைத் தளர்த்தி, மேல்தட்டை அரை விரல்கடை தூக்கி, மறுபடி முடுக்குகிறார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் அண்ணன் அதைப் பார்க்கிறார். ஒன்றும் சொல்வதில்லை. அடுத்த வாரம் அதே அரை விரல்கடையை அவர் இறக்கிவிடுவார்.

அறிஞர் உலகம் இந்த அரை விரல்கடையை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு. இதன் எல்லை வடக்கே பல்லாவரம், தெற்கே பெருங்களத்தூர், கிழக்கே மாடம்பாக்கம், மேற்கே திருநீர்மலை. 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி அமைத்து, ஆய்வுக்கு அரசே வேலி கட்டிக் கொடுத்துவிட்டது. பத்து ஊர்களை ஒன்றாக்க முடிந்தது. ஒரு ஹை-ஹேட்டுக்கு ஒரே இறுக்கம் என்பதில்தான் இன்னும் உடன்பாடு இல்லை.

முதலில் கருவி. தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்ற நம் பகுப்பில் இது கஞ்சக்கருவி. பெரும்பாலும் 14 அங்குல வெண்கலத் தட்டுகள் இரண்டு. கனமானது மல்லாந்து ஸ்டாண்டின்மேல் உட்கார்ந்திருக்கும். மற்றது அதன்மேல் கவிழ்ந்து, நடுத்தடியில் கிளட்சைப் பிடித்துத் தொங்கும். பெடலை மிதித்தால் தடி இறங்கும், தட்டுகள் சேரும், 'சிக்' என்று கேட்கும். 1920களின் அமெரிக்காவில் இதன் மூத்த வடிவம் முழங்காலுக்கும் கீழே கிடந்தது, காலால் மட்டுமே வாசிக்க முடிந்தது. பிறகு யாரோ குழாயை நீட்ட, குச்சிக்கும் எட்டியது. 1930களில் கவுண்ட் பேஸி குழுவின் ஜோ ஜோன்ஸ், தாளம் காக்கும் பொறுப்பையே கிக் டிரம்மிலிருந்து இதற்கு மாற்றிவிட்டார். ஜில்ஜியான் குடும்பம் 1623இல் கான்ஸ்டாண்டிநோபிளில் தொடங்கிய தட்டு வியாபாரத்தில் உலோகக் கலவை எண்பது பங்கு செம்பு, இருபது பங்கு வெள்ளீயம். பஜனை மடத்து வெண்கல ஜால்ராவும் ஏறக்குறைய இதே கலவைதான். ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று கொள்ளலாம்.

இனி இறுக்கம். மூன்று தனித்தனிச் சங்கதிகளை ஒரே சொல்லால் சொல்வதால்தான் சண்டையே வருகிறது.

ஒன்று, கிளட்சின் இரண்டு ஃபெல்ட் வட்டுகளுக்கு நடுவே மேல்தட்டு எவ்வளவு நெருக்கமாகப் பிடிபட்டிருக்கிறது என்பது. ரொம்ப முடுக்கினால் தட்டு அசைய முடியாமல் மூச்சடைத்துப் போகும்; நாள்பட நடுத்துளையருகே கீறலும் விழலாம். ரொம்பத் தளர்த்தினாலோ வேறு ஆபத்து. கிளட்சின் அடிநட்டு அடிக்கிற அதிர்விலேயே மெல்ல மெல்லக் கழன்று, பல்லவி இரண்டாம் முறை வரும் நேரம் பார்த்து விழும். மேல்தட்டு கீழ்த்தட்டின்மேல் படுத்துவிடும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் வெறும் தடிதான் ஏறி இறங்கும். கடற்காற்று வீசும் ஊரில் ஃபெல்ட்டைவிட மரை சீக்கிரம் போய்விடுகிறது. ஃபெல்ட் போன இடத்தில் ஹவாய் செருப்பிலிருந்து வெட்டிய வட்டம் உட்காருகிறது. ஆய்வாளரின் கருத்தில் அது ஃபெல்ட்டுக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததல்ல.

இரண்டு, தட்டுகளுக்கு இடையிலான வெளி. ஏறக்குறைய ஓர் அங்குலம் என்பது பொது வழக்கு. தம்பி ஏற்றியதும் அண்ணன் இறக்குவதும் இதைத்தான். மூன்று, வாசிக்கும்போது கால் கொடுக்கும் அழுத்தம். இதைத் திருகு எதுவும் தீர்மானிப்பதில்லை. அன்றைக்குக் காலையில் வீட்டில் என்ன நடந்தது என்பதுதான் தீர்மானிக்கிறது.

இங்கே தொல்காப்பியரின் உதவி தேவைப்படுகிறது. மெய்க்கு அரை மாத்திரை, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. தனியெழுத்து எதற்கும் மூன்று கிடையாது, நீட்ட வேண்டுமென்றால் எழுத்தைக் கூட்டித்தான் நீட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. மூடிய ஹை-ஹேட் ககர மெய்யில் முடியும் அரை மாத்திரை வல்லினம். பாதி திறந்தால் நெடில். முழுக்கத் திறந்தால் அளபெடை. கால் வந்து மூடும்வரை அதற்கு முடிவில்லை. ஆனால் திறந்த ஒலியை எழுதப் போனால் 'ஸ்' வேண்டும், 'ஷ்' வேண்டும். கிரந்தம் கலக்காமல் வாசிக்க விரும்பும் தனித்தமிழ் அன்பர்கள் ஹை-ஹேட்டை மூடியே வைத்திருக்க வேண்டியிருக்கும். கருவியின் பெயரிலேயே ஹகரம் இரண்டு முறை வருகிறதே என்ற தடையை இவ்வாய்வு கண்டும் காணாமல் கடக்கிறது.

கால் எப்போது மூடுகிறது என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஜாஸில் இடது கால் மிதிப்பது இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளில். இதை ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைமேல் வைத்துப் பார்க்கலாம். கையில் தட்டு விழுவது ஒன்று, ஐந்து, ஏழில். ஹை-ஹேட் விழுவது இரண்டு, நான்கு, ஆறு, எட்டில். அதாவது விரல் எண்ணும் இடத்திலும் கை வீசும் இடத்திலும் மட்டும். நம்மவர் தட்டும் ஓரிடத்தில்கூட அது தட்டுவதில்லை. ஆகவே ஜால்ராவுக்கு உறவானாலும் 'ஜால்ரா போடுதல்' என்ற வசை இதற்குப் பொருந்தாது. பரத மேடையில் நட்டுவனார் கைத்தாளத்தின் கயிற்றை விரலில் சுற்றுவதிலும் இதே இறுக்கப் பிரச்சினை உண்டு. கயிறு நெருக்கினால் ஒலி செத்துவிடும். ஆனால் அந்தக் கைத்தாளம் ஒருவர் சொத்து. மறுநாள் இன்னொருவர் வந்து கயிற்றை மாற்றமாட்டார்.

இறுக்கவாதிகள், தளர்வுவாதிகள் என்ற பிரிவுக்கு ரசனையைக் காரணம் காட்டுவது மேலோட்டமான பார்வை. காரணம் சுவர். சேலையூர் அடுக்குமாடியில் பழகும் பையனுக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பகலில் 55 டெசிபல், இரவு பத்துமுதல் காலை ஆறுவரை 45 என்று வரம்பு வைத்திருக்கின்றன. அவன் அந்த விதிகளைப் படித்ததில்லை, கீழ்வீட்டு மாமியைப் பார்த்திருக்கிறான். தட்டுகளை நெருக்கி, காலை அழுத்தியே வளர்கிறான். ஜி.எஸ்.டி. சாலை மண்டபங்களில் மெல்லிசை வாசிப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அங்கே ஏ.சி. இரைச்சலையும் பந்திக்கு முந்தும் கூட்டத்தையும் தாண்டி ஒலி போக வேண்டும், எனவே தட்டுகள் விலகுகின்றன. இந்த இரு மரபும் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஸ்டாண்டில் சந்திக்கின்றன.

இன்னொரு சங்கதி. இரண்டு தட்டும் அட்சரசுத்தமாக ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் நடுவே காற்று மாட்டிக்கொண்டு 'சிக்' வராது, 'பொத்' என்று வரும். இதற்காகவே கீழ்த்தட்டின் இருக்கைக்கு அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது, தட்டைக் கொஞ்சம் சாய்த்து வைக்க. பைஸ்டி கம்பெனி கீழ்த்தட்டின் விளிம்பையே அலையலையாக வளைத்துப் பார்த்தது. உள்ளூரில் பல ஸ்டாண்டுகளில் இந்தத் திருகுக்கு வேலையே இல்லை. தரை சமமாக இல்லாததால் தட்டு தானே சாய்ந்திருக்கிறது.

தீர்வாக இவ்வாய்வு முன்வைத்தது எளிய வழி: தடியில் நெயில்பாலிஷால் ஒரு கோடு, கிளட்ச் அங்கே நிற்கட்டும். மேற்படி தேவாலயத்தில் இது நடைமுறைக்கும் வந்தது. இப்போது அந்தத் தடியில் மூன்று கோடுகள். ரோஸ் அண்ணனுடையது, சிவப்பு தம்பியுடையது. பச்சை யாருடையது என்று கேட்டால், "எனக்குத் தெரியாது பிரதர்" என்று இருவரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். கிளட்ச் நிற்பதோ பச்சைக்கும் சற்று மேலே.