வெயில் விசில் ஊதினால்தான் விளையாட்டு

சாண்ட்லர், அரிசோனா.
ஆகஸ்ட் மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பெரிய மாமாவுக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் நலம். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லவும். கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்லவும்.

போனில் பேசும்போதெல்லாம் "அந்தப் பாலைவனத்துல பசங்க எங்கடா விளையாடுறாங்க?" என்று கேட்கிறீர்கள். பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு இந்தக் கவலை வருவது நியாயம்தான். ஆனால் நான் பதிலை ஆரம்பித்ததும் "இரு, அத்தைகிட்ட குடுக்குறேன்" என்று நழுவிவிடுகிறீர்கள். கடிதத்தில் நழுவ முடியாது. உட்கார்ந்து படிக்கவும்.

இடத்துக்குப் பஞ்சமில்லை மாமா, நேரத்துக்குத்தான் பஞ்சம். ஃபீனிக்ஸும் அதை ஒட்டிய டெம்பி, மெசா, ஸ்காட்ஸ்டேல், எங்கள் சாண்ட்லர் எல்லாமும் சேர்ந்து சொனோரன் பாலைவனத்தில் ஐம்பது லட்சம் பேர் வாழும் பெருநகரம். வேலூர்க்காரனிடமே வெயில் கதையா என்று சிரிக்காதீர்கள். 2023-இல் ஜூன் கடைசி நாள் தொடங்கி 31 நாள், ஒருநாள்கூட விடாமல், 43 டிகிரியைத் தாண்டி அடித்தது. 1990-இல் ஒருநாள் 50 டிகிரியையே தொட்டிருக்கிறது. பனி ஊர்க்காரர்கள் ஜனவரியில் சாத்தும் கதவை இந்த ஊர்க்காரர்கள் ஜூனில் சாத்துகிறார்கள். குழாயில் இடப்பக்கம் திருகினால் வெந்நீர். வலப்பக்கம் திருகினால் கொஞ்சம் வெட்கப்படும் வெந்நீர்.

கோடையில் விளையாட்டு விடியற்காலை ஐந்து மணிக்கு. பூங்காவில் கூட்டம் அலைமோதும். ஓடுகிறவர்கள், சைக்கிள்காரர்கள், நாலு காலிலும் பூட்ஸ் மாட்டிய நாய்கள். தார்ச்சாலையில் பாதம் வெந்துவிடுமாம். நம் தெரு நாய்களுக்கு இது தெரிந்தால் விசாவுக்கு விண்ணப்பம் போடும். எட்டு மணிக்கு மைதானம் காலி. அப்புறம் ராத்திரி எட்டு மணிக்குத்தான் மறுபடி உயிர் வரும். பெரும்பாலான மாநிலங்கள் மாலையில் கூடுதல் வெளிச்சம் கிடைக்கட்டும் என்று கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகின்றன. அரிசோனாவோ, நவஹோ மக்களின் பகுதி நீங்கலாக, 1968-இலேயே "இருக்கிற வெளிச்சமே போதும் சாமி" என்று கும்பிட்டு ஒதுங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடமும் ஜூலை முடிவதற்குள் திறந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, வெளியே தலைகாட்ட முடிகிற அக்டோபரிலும் மார்ச்சிலும் இரண்டிரண்டு வாரம் லீவு. பெரியவன் பள்ளி பேண்டில் டிரம் வாசிக்கிறான். நின்ற இடத்தில் வாசிப்பதில்லை. வாசித்துக்கொண்டே, வரிசை கலையாமல் நடந்து, மைதானத்தில் கோலம் போடவேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி நடக்கும் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் இவர்களுடைய காட்சி. (காலால் ஆடாத கால்பந்து. அதை இன்னொரு கடிதத்தில் விளக்குகிறேன்.) கார் நிறுத்துமிடத்துத் தாரில் புள்ளி வைத்து விடிகாலை ஒத்திகை. ஒவ்வொருவர் பக்கத்திலும் நாலு லிட்டர் தண்ணீர்க் கேன். நீங்கள் பார்த்தால் கண்ணில் நீர் வரும். அத்தனை பேரும் இடது கால் என்றால் இடது காலையே வைக்கிறார்கள்.

இந்த ஊருக்கும் சால்ட் ரிவர் என்று ஓர் ஆறு உண்டு. 1911-இல் மலைப்பக்கம் ரூஸ்வெல்ட் அணை, பிறகு அடுத்தடுத்து அணைகள். தண்ணீரெல்லாம் வாய்க்காலுக்குப் போக, ஊருக்குள் ஆறு மணலாகிவிட்டது. பாலாற்றுக்காரருக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. ஆனால் டெம்பி நகரத்தார் சும்மா இருக்கவில்லை. வறண்ட படுகையை ரப்பர் அணைகளால் மறித்துத் தண்ணீர் நிரப்பி, 1999-இல் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரி செய்துவிட்டார்கள். 2010 ஜூலையில் ஒரு ராத்திரி ரப்பர் வெடித்தது. ஏரி சற்று நேரம் ஆறாகி, பிறகு பழையபடி மணலானது. அசராமல் திரும்ப நிரப்பி, பிற்பாடு எஃகு மதகும் வைத்தார்கள். இப்போது பள்ளிப் பிள்ளைகள் விடிகாலையில் அங்கே துடுப்புப் படகு பழகுகிறார்கள். படகு விடலாம், மீன் பிடிக்கலாம்; போட்டி நாட்களைத் தவிர இறங்கிக் குளிக்கமட்டும் கூடாது. கரையில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நீங்கள் நிற்பதை நினைத்துப் பார்க்கிறேன். காவலுக்கு ஆள் போடவேண்டும்.

முங்க வேண்டுமென்றால் மெசாவைத் தாண்டி, அணையிலிருந்து தண்ணீர் வரும் மேல் ஆற்றுக்குப் போகவேண்டும். கோடை முழுக்க அங்கே டியூப் வாடகைக்குக் கிடைக்கும். டியூபோடு பஸ்ஸில் ஏற்றி மேலே கொண்டுபோய் விடுவார்கள். அதில் குந்திக்கொண்டு மணிக்கணக்கில் மிதந்து இறங்கவேண்டும். கிணற்றில் நீங்கள் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்த அதே லாரி டியூப் சமாச்சாரம்தான். இங்கே அதற்குக் கட்டணம், பஸ், சீசன். கூட்டாளிகள் டியூபுகளைக் கயிற்றால் பிணைத்துக்கொள்கிறார்கள். குளிர்பெட்டிக்குத் தனி டியூப். அதற்குள் இருப்பது மோர் இல்லை என்பதை அத்தையிடம் சொல்லவேண்டாம். வழியில் ஒரு கோஷ்டி இன்னொரு கோஷ்டியின்மேல் மார்ஷ்மல்லோ என்ற மெத்மெத்தென்ற மிட்டாயை வீசித் தாக்குவது சம்பிரதாயம். கரையில் காட்டுக் குதிரைகள் தண்ணீர் குடித்தபடி இந்தப் போரைப் பார்க்கும். இரண்டு தரப்பில் எது காட்டு ஜாதி என்று அவற்றுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

மலை ஏறலாம். ஊர் நடுவிலேயே கேமல்பேக், 824 மீட்டர். தெற்கே சவுத் மவுண்டன் பூங்கா 16,000 ஏக்கருக்கு மேல். 1924-இல் நகராட்சி அந்த நிலத்தில் பெரும்பகுதியை 17,000 டாலருக்கு வாங்கிப்போட்டது. இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு பழைய கார் வரும். ஆனால் கடும் வெயில் எச்சரிக்கை வந்துவிட்டால் கேமல்பேக் பாதைகளைப் பகலில் மூடிவிடுகிறார்கள். கையில் சின்னத் தண்ணீர் பாட்டிலோடு ஏறிவிட்டு, தீயணைப்புப் படையின் தயவில் இறங்கும் வெளியூர் வீரர்களைப் பார்த்துச் சலித்தவர்கள் எடுத்த முடிவு அது.

மதியம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பனியில் விளையாடுகிறார்கள். கிண்டல் இல்லை. வெளியே 43 டிகிரி, உள்ளே பனித்தளம். வாசலில் அம்மாக்கள் வியர்த்துக்கொண்டே பிள்ளைக்கு ஸ்வெட்டர் மாட்டிவிடுகிறார்கள். பக்கத்து ஸ்காட்ஸ்டேலில் வளர்ந்த ஆஸ்டன் மேத்யூஸ் என்ற பையன் இப்படித்தான் ஐஸ் ஹாக்கி பழகி, 2016-இல் வட அமெரிக்காவின் மிகப் பெரிய லீக்கில் முதல் ஆளாகத் தேர்வாகி, டொராண்டோ அணிக்குப் போனான். கனடாவின் வின்னிபெக்கிலிருந்து 1996-இல் இங்கே குடிவந்த தொழில்முறை அணியோ 2024-இல் யூட்டாவுக்குப் பெட்டியைக் கட்டிவிட்டது. அணி போனால் என்ன, பனித்தளத்தில் இடம் பிடிக்க இன்னும் வரிசைதான்.

சின்னவளின் பொழுதுபோக்கை எழுதலாமா என்று யோசித்தேன். தேள் எண்ணுவது. இங்கத்துத் தேள் புற ஊதா டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிரும். இருட்டியதும் அம்மா துணையோடு, கால் நிறைய பூட்ஸ் போட்டு, பின்பக்கச் சுவர் முழுக்க டார்ச் அடித்துக்கொண்டே போவாள். கணக்கில் மந்தம் என்று டீச்சர் எழுதி அனுப்பியிருக்கிறார்; தேள் கணக்கில் இதுவரை ஒன்று விட்டதில்லை.

இதற்கெல்லாம் நடுவே என் உத்தியோகம் டிரைவர். எல்லாவற்றுக்கும் முன்பதிவு, கட்டணம், பனியன், "அடிபட்டால் நாங்கள் பொறுப்பல்ல" என்ற காகிதத்தில் கையெழுத்து. கோட்டை மைதானத்தில் நீங்கள் விசில் ஊதினால் தெருவே ஓடிவரும்; எந்த அப்பனும் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு விஷயம் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். ஏரி செய்து, பனி செய்து, மலையைப் பூட்டித் திறந்து வைத்திருக்கும் இந்த ஊரில் பெரியவனுக்கும் கூட்டாளிகளுக்கும் மிகப் பிடித்த இடம் ஒரு பர்கர் கடையின் கார் நிறுத்துமிடம். ராத்திரி ஒன்பதுக்கு மேல், தார் இன்னும் கதகதவென்று இருக்க, கார் டிக்கியைத் திறந்து அதில் உட்கார்ந்து, ஒன்றுமே செய்யாமல் இருக்கிறார்கள். காட்பாடியில் நாங்கள் தேய்த்த குட்டிச்சுவருக்கு நான்கு சக்கரம் வைத்தால் அதுதான். கட்டணமில்லை, பனியனில்லை, கையெழுத்தில்லை. அன்று எங்களை நீங்கள் விரட்டினீர்கள். ஃபீனிக்ஸில் அதற்குச் சட்டமே உண்டு. 16, 17 வயதுக்காரர்கள் நள்ளிரவுக்கு மேல் பெரியவர் துணையின்றி வெளியே திரியக்கூடாது. வெயில் விடாத பகலுக்கும் போலீஸ் விடாத ராத்திரிக்கும் இடையில் கிடைக்கிற மூன்று மணி நேரம் அவர்களுடையது. நான் கேட்பதில்லை, பன்னிரண்டுக்குள் வந்தால் சரி.

நீங்கள் வருவதென்றால் பிப்ரவரியில் வாருங்கள். சட்டையில் ஈரம் படாமல் நாள் முழுக்க நடக்கலாம். அந்த மாதம் 15 தொழில்முறை பேஸ்பால் அணிகள் பயிற்சி ஆட்டத்துக்கு இங்கே வந்து இறங்கும். புல்தரையில் துண்டை விரித்து உட்கார்ந்து, அவர்களுடைய வார்ம் அப்பில் குற்றம் கண்டுபிடிக்கலாம். பனி பார்க்க ஆசையென்றால் வடக்கே ஃபிளாக்ஸ்டாஃபுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். டிரைவர் தயார்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகன்

பி.கு.: டிக்கெட் மலிவு என்று அத்தை ஜூனில்தான் வருவேன் என்றால் தடுக்கவேண்டாம். வடாம் பிழியும் அச்சையும் பழைய வேட்டி இரண்டையும் பெட்டியில் வைக்கச் சொல்லவும். காலையில் பிழிந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பொரித்துவிடலாம். காக்கா விரட்டவும் ஆள் வேண்டாம்; அந்த நேரத்தில் காக்காகூட வெளியே வராது.