இருபத்தாறுக்கு வந்த சோதனை

1970-களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களை மலைமேல் ஏற்றி மண்பாதையில் கீழே விட்டார்கள். அவற்றில் இருந்தது 26 அங்குலச் சக்கரம். யாரும் ஆராய்ந்து தேர்ந்தெடுத்ததல்ல, கிடைத்தது, அவ்வளவுதான். அதற்குப் பின் பல ஆண்டுகள் மலைச் சைக்கிள் உலகமே அந்த அளவில் தாவியது, வளைந்தது, விழுந்து எழுந்தது.

பிறகு 29 அங்குலச் சக்கரம் வந்தது. கல்லோ வேரோ பொருட்படுத்தாமல் உருளும். பிடித்த வேகத்தை எளிதில் விடாது. விளையாடக் கூப்பிட்டால் மட்டும் வராது. விளிம்பின் கனம் அச்சிலிருந்து தள்ளி நிற்பதால் சட்டென்று திரும்பச் சுணங்கும். செங்குத்துச் சரிவில் குள்ளமானவர் பின்னால் சாய்ந்தால், டயர் அவர் கால்சட்டையின் பின்புறத்தைத் தடவி நலம் விசாரிக்கும்.

“சரி, நடுவில் ஒன்று” என்று 27.5 வந்தது. ரிம் விட்டத்தைப் பாருங்கள்: 26-க்கு 559 மி.மீ., 27.5-க்கு 584, 29-க்கு 622. இதில் நடு எங்கே என்பது விற்பவருக்கே வெளிச்சம். கூடுதலான அந்த 25 மி.மீ.க்காக ஃபிரேம், ஃபோர்க், டயர் எல்லாம் புதிதாக வாங்கப்பட்டன.

இப்போதைய ஞானம், முன்னால் 29, பின்னால் 27.5. முன்னது கல்லை மிதிக்க, பின்னது குறும்பு செய்ய. பந்தயங்களில் இந்தக் கலப்புக்குச் சர்வதேச சைக்கிள் சங்கம் 2019-இல் அனுமதியும் தந்துவிட்டது. இரண்டு அளவில் டயர் வாங்கிவைப்பது உங்கள் பாடு.

அந்தரத்தில் சுழல்வதையே வேலையாகக் கொண்ட டர்ட் ஜம்ப் சைக்கிள்களில் இன்றும் பெரும்பாலும் 26-தான். அவற்றை ஓட்டுபவர்களிடம் போய் யாரும் முன்னேற்றம் பற்றிப் பேசுவதில்லை.