அத்தைக்கு ஏற்ற அனிமே

“அனிமே பார்க்கலாம் என்றிருக்கிறேன், எதில் தொடங்கட்டும்?” என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பதில் வராது. “உங்களுக்கு எந்த மாதிரிக் கதை பிடிக்கும்?” என்று ஒரு கேள்விதான் வரும். மிகவும் மரியாதையான கேள்வி. அதைக் கேட்பதற்கு முன்பே அவர்கள் பதிலை எழுதி, மடித்து, பசை தடவி ஒட்டி வைத்திருப்பார்கள். நாம் சொல்லப்போவது எதுவானாலும் அந்தக் கவரைத்தான் நம் கையில் கொடுப்பார்கள்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மெகா தொடர்களிலிருந்தும் ஓய்வு பெறுவது என்று முடிவு செய்திருந்தேன். அந்த இடத்தில் வேறு எதையாவது வைக்க வேண்டுமே. வீட்டில் இளசுகள் எந்நேரமும் பார்க்கிற அனிமேதான் கண்ணில் பட்டது. அண்ணன் மகனான என் மருமகனைக் கூப்பிட்டு மூன்று நிபந்தனைகள் சொன்னேன். குடும்பக் கதையாக இருக்க வேண்டும். ரத்தம் ஆகாது. என் ஆயுளுக்குள் முடிய வேண்டும்.

ஒரு நொடிகூட அவன் யோசிக்கவில்லை. “அப்ப அட்டாக் ஆன் டைட்டன் பாருங்க அத்தை.”

“குடும்பக் கதையாடா?”

“அம்மா சென்டிமென்ட் அத்தை. பையன் அம்மாவுக்காகத்தான் எல்லாமே பண்றான்.”

பொய் சொன்னான் என்று சொல்ல முடியாது. முதல் எபிசோடிலேயே ஒரு ராட்சசன் வந்து, இடிந்த வீட்டுக்கு அடியிலிருந்து அம்மாவை எடுத்து, மகன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாப்பிட்டுவிடுகிறான். மீதிக் கதை அந்தக் கோபத்தில்தான் ஓடுகிறது. ரத்தத்தைப் பற்றிக் கேட்டேன். “ராட்சசனோட ரத்தம் உடனே ஆவியாயிடும் அத்தை, கறையே இருக்காது” என்றான். துணி துவைப்பவளின் கவலைகளை மனத்தில் வைத்து இந்தப் பதிலைத் தயாரித்திருக்கிறான்.

மூன்றாவது நிபந்தனை? “அது எப்பவோ முடிஞ்சாச்சு அத்தை. ஃபைனல் சீசன் வந்துடுச்சு.” தோண்டித் துருவியதில், அந்த ஃபைனல் சீசன் 2020 டிசம்பரில் தொடங்கி, அதற்கு இரண்டாம் பாகம் வந்து, மூன்றாம் பாகம் வந்து, அந்த மூன்றாம் பாகமும் இரண்டாகப் பிரிந்து, 2023 நவம்பரில்தான் ஒருவழியாக முடிந்தது என்று தெரிந்தது. கடன் கட்டாதவர்களுக்கு ‘இறுதி அறிவிப்பு’ அனுப்பிய அனுபவம் எனக்கு உண்டு. அந்த ‘இறுதி’க்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், கடன் வாங்கியவருக்கும் தெரியும்.

இதற்குள் என் மகள் வந்துவிட்டாள். “அவன் பேச்சைக் கேக்காதம்மா. உனக்கு ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்தான் சரி. அண்ணன் தம்பி பாசம்.” சரி என்று கதையைக் கேட்டேன். செத்துப்போன அம்மாவை ரசவாதத்தால் பிழைக்க வைக்கப் பார்க்கிறார்கள் இரண்டு பையன்கள். அது விபரீதமாகி அண்ணனுக்கு ஒரு காலும் ஒரு கையும் போகிறது. தம்பிக்கு உடம்பே போய், ஒரு இரும்புக் கவசத்துக்குள் உயிர் மட்டும் நிற்கிறது. சரி, எப்போது தொடங்கலாம் என்று கேட்டால் அங்கேயும் சிக்கல். இதே தலைப்பில் இரண்டு இருக்கிறது. 2003-இல் 51 எபிசோடு, 2009-இல் 64 எபிசோடு. முதல் தடவை எடுத்தபோது ஹிரோமு அரகாவா வரைந்துகொண்டிருந்த மூலப் படக்கதை, அதாவது மாங்கா, முடியவில்லை. அதனால் தொலைக்காட்சிக்காரர்கள் தாங்களாகவே ஒரு வழியில் போய் ஒரு முடிவைக் கட்டிவிட்டார்கள். பிறகு மூலக்கதையை ஒட்டி மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். இரண்டாவதைப் பார் என்றாள் மகள். முதலாவதைப் பார்க்காமல் இரண்டாவதை எப்படி என்றான் மருமகன். நான் கவனித்தது வேறு.

“ஏன்டி, ஜப்பான்ல அம்மாக்களை உயிரோடவே விட மாட்டாங்களா?”

சும்மா கேட்ட கேள்விதான். ஆனால் ஒரு கணக்கெடுப்பாகவே ஆகிவிட்டது. நருடோ? பிறந்த அன்றே அம்மாவும் போய்விட்டாள், அப்பாவும் போய்விட்டார். டீமன் ஸ்லேயர்? கரி விற்கப் போன பையன் திரும்பி வருவதற்குள் அம்மாவோடு குடும்பமே போயிற்று, மிஞ்சியது ஒரு தங்கை, அவளும் அரக்கியாகிவிட்டாள். எவாஞ்சலியன்? அதைச் சொல்லவே பயந்தார்கள். “அதுல அம்மா இருக்காங்க, ஆனா…” என்று இழுத்து, “அது முதல்ல பார்க்கிற சீரீஸ் இல்ல அத்தை” என்று முடித்துக்கொண்டார்கள். அது 1995-இல் வந்தது. கடைசி இரண்டு எபிசோடு நாயகனின் மனத்துக்குள்ளேயே நடக்கிறதாம். கதைக்கு என்னதான் ஆயிற்று என்று ஜனங்கள் கொதித்துப்போக, 1997-இல் இன்னொரு முடிவைத் திரைப்படமாக எடுத்தார் ஹிடேயாகி அன்னோ. அந்த முடிவைப் பார்த்தவர்களும் தெளிந்ததாகத் தெரியவில்லை.

அடுத்து வந்தவன் மருமகனின் நண்பன். எதற்கு வந்தானோ தெரியாது, ‘அனிமே’ என்ற சொல் காதில் விழுந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டான். “ஆன்ட்டி, ஒன் பீஸ். வேற பேச்சே இல்ல.” 1999-இல் தொடங்கியது, 1,100 எபிசோடைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. காகிதம் எடுத்தேன். எபிசோடுக்கு 24 நிமிடம் என்றால் 1,100 எபிசோடுக்கு 440 மணி நேரம். நாளுக்கு ஒன்று வீதம் பார்த்தால் மூன்று வருடம். மூன்று வருட ரெக்கரிங் டெபாசிட். முதிர்வுத் தேதியில் பார்த்தால், நான் பார்த்துக்கொண்டிருந்த மூன்று வருடத்தில் வெளிவந்ததெல்லாம் பாக்கி நிற்கும். அசலும் தீராது, வட்டியும் தீராது. “முதல் நாற்பது எபிசோடு பொறுத்துக்குங்க ஆன்ட்டி, அப்புறம் பாருங்க!” என்றான். நாற்பது எபிசோடு என்றால் பதினாறு மணி நேரம். இவ்வளவு நேரத்தில் நான் காசிக்குக் கிட்டத்தட்டப் பாதி வழி போயிருப்பேன் என்றேன். ரயிலிலேயே பார்க்கலாமே என்றான்.

நருடோவுக்கு மகள் வக்கீல். 220, அதற்கு மேல் இன்னொரு 500, ஆக மொத்தம் 720. “எல்லாத்தையும் பார்க்க வேண்டாம்மா, ஃபில்லரைத் தள்ளிடலாம்” என்று ஒரு பட்டியலையே எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். மாங்கா வாரா வாரம் ஒரு அத்தியாயம் வரும். தொலைக்காட்சியிலும் வாரா வாரம் ஒரு எபிசோடு. ஒரு கட்டத்தில் தொலைக்காட்சி மாங்காவை எட்டிப் பிடித்துவிடும். அப்போது மூலக்கதை முன்னே போகட்டும் என்று, சம்பந்தமில்லாத கதைகளைப் போட்டு நிரப்புவார்கள். மகள் இதை ஏதோ புதிர்போல விளக்கினாள். படிக்கட்டில் ஏறத் தொடங்கிய மருமகள் மாடியை அடைய ஒரு வாரம் ஆகும் தொடர்களைப் பார்த்துத் தேறியவள் நான். எனக்கா ஃபில்லரைப் பற்றிப் பாடம்? டிராகன் பால் இசட்டில் இன்னும் ஐந்து நிமிடத்தில் கிரகம் வெடிக்கும் என்று வில்லன் சொல்ல, அந்த ஐந்து நிமிடம் சுமார் பத்து எபிசோடு ஓடியதாம். கேட்டதும் எனக்கு ஜப்பான்மேல் ஒரு உறவே வந்துவிட்டது. 1996-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த துப்பறியும் சிறுவன் கோனன் இன்னும் அதே ஒன்றாம் வகுப்பில்தான் இருக்கிறான். ஆல் பாஸ் அங்கே கிடையாது போலிருக்கிறது.

‘ஃபேட்’ என்றொரு பெயர் அடிபட்டபோதுதான் நிலைமை கைமீறிப் போனது. எதிலிருந்து பார்ப்பது என்று அப்பாவியாகக் கேட்டேன். 2006-இல் வந்ததிலிருந்து என்றான் ஒருவன். இல்லை, 2011-இல் வந்த ஃபேட்/ஜீரோ. ஏனென்றால் அதுதான் முன்கதை என்றான் இன்னொருவன். முன்கதையை முன்னால் பார்த்தால் பின்கதையின் ரகசியமெல்லாம் போய்விடும், 2014-இல் வந்ததைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றாள் மகள். மூவரும் எழுந்து நின்று பேசத் தொடங்கினார்கள். நான் சமையலறைக்குப் போய் டிகாக்‌ஷன் இறக்கி, பால் காய்ச்சி, நான்கு டம்ளர் காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்தேன். அப்போதும் 2006-க்கும் 2011-க்கும் நடுவில்தான் இருந்தார்கள்.

நடுவில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் அனிமேவே பார்த்ததில்லை என்பது அவர்களாகப் பண்ணிக்கொண்ட முடிவு. தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் ஜங்கிள் புக் வந்ததே, மோக்லியும் பகீராவும் ஷேர்கானும், அது ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் 1989-இல் எடுத்த 52 எபிசோடுத் தொடர். இந்திக்கு மாற்றி, குல்சார் எழுதிய பாட்டோடு இங்கே ஒளிபரப்பினார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது, ஆனால் அந்தப் பாட்டு தெருவுக்கே தெரியும். இதைச் சொன்னதும் மருமகன் கொஞ்சம் யோசித்தான். “அது அனிமேதான் அத்தை. ஆனா அனிமே இல்ல.”

“அப்ப நீ சின்ன வயசுல சாப்பிடாம உக்காந்து பார்த்த ஷின்சான்?”

“அதுவும் கணக்குல வராது.”

கணக்கில் வருவது எது என்பது மெல்லப் புரிந்தது. அவர்கள் கையால் கொடுத்தால்தான் கணக்கு.

இந்தப் பையன்தான் தமிழில் பேசும் அனிமே பார்ப்பதைப் பாவம் என்கிறவன். ஷின்சான் தமிழில் பேசியதைக் கேட்டுத்தான் இவன் வாயாடக் கற்றுக்கொண்டான், அதெல்லாம் மறந்துபோயிற்று. இப்போது சோலோ லெவலிங், ஜுஜுட்சு கைசென் எல்லாம் தமிழில் வருகின்றன. 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் படம் தியேட்டரில் தமிழிலேயே ஓடியது. இவன் தேடிப் போய் ஜப்பானிய மொழியில் பார்த்துவிட்டு வந்தான். “ஒரிஜினல் குரல்லதான் உணர்ச்சி இருக்கும் அத்தை, கீழ சப்டைட்டில் ஓடும்.” எனக்கு ப்ரோக்ரசிவ் கண்ணாடி. மேல்பாதி தூரத்துக்கு, கீழ்பாதி படிக்க. சோபாவில் சாய்ந்து சப்டைட்டிலைப் பார்த்தால் கண் கீழ்பாதிக்குப் போய் எழுத்தெல்லாம் கலங்குகிறது. மோவாயைத் தாழ்த்தி மேல்பாதி வழியாகப் பார்த்தால், வாசலுக்கு வந்த வட்டிக்காரனை முறைப்பது மாதிரி இருக்கிறது என்கிறாள் மகள். அதைவிடப் பெரிய சங்கடம் இன்னொன்று. தமிழ்த் தொடரைக் காதால் பார்க்கலாம். கை பாட்டுக்குப் பீன்ஸ் நறுக்கும். சப்டைட்டில் வந்தால் பீன்ஸ் அப்படியே கிடக்கும்.

குடும்பக் கதை வேண்டும் என்று நான் கேட்டதற்கு ஜப்பானிலேயே சரியான பதில் ஒன்று இருக்கிறது. இவர்கள் யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன். சசாயே-சான். 1969-இல் தொடங்கி, ஞாயிறு மாலை ஆறரைக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உலகிலேயே மிக நீண்டகாலமாக ஓடும் அனிமேஷன் தொடர் என்று கின்னஸ் சாதனை வேறு. மச்சிகோ ஹசெகாவா என்ற பெண்மணி செய்தித்தாளில் வரைந்த நாலு கட்டப் படக்கதையிலிருந்து வந்தது. கூட்டுக் குடும்பம். வீட்டோடு மாப்பிள்ளை. மச்சினன், மச்சினி, பேரன், பூனை. யாருக்கும் வயசாகாது, யாரையும் ராட்சசன் தின்னமாட்டான். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா 1969-லிருந்து உயிரோடு இருக்கிறாள்! இது முடிந்தால் மறுநாள் திங்கட்கிழமை என்ற துக்கம் தொண்டையை அடைப்பதற்கு ஜப்பானியர்கள் ‘சசாயே-சான் நோய்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். முப்பது வருடம் எனக்கும் இருந்த நோய்தான்.

ஓடிப் போய்ச் சொன்னேன். மருமகன் பார்த்த பார்வையில், நான் அவனிடம் ‘வயலும் வாழ்வும்’ போடச் சொன்னது மாதிரி இருந்தது.

கடைசியில் நானே ஒரு அளவுகோல் வைத்தேன். அம்மா உயிரோடு இருக்கும் அனிமே எதுவோ அதுதான் முதல் அனிமே. மூன்று பேரும் நெடுநேரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்து டெத் நோட்டில் வந்து நின்றார்கள். 37 எபிசோடு. அப்பா போலீஸ் அதிகாரி, அம்மா இல்லத்தரசி, மூத்தது பையன், இளையது பெண். பையன் நாடு தழுவிய மாதிரித் தேர்வில் முதலிடம். கொலை? “கொலை நிறைய இருக்கும்மா, ஆனா ரத்தம் கம்மி. நோட்டுல பேரு எழுதினா மாரடைப்பு, அவ்வளவுதான்” என்றாள் மகள்.

போட்டார்கள். எனக்குப் பிடித்துவிட்டது. காரணம் அவர்கள் நினைத்தது அல்ல. பையன் மாடியில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு ஊரில் உள்ள குற்றவாளிகளையெல்லாம் எழுதித் தீர்க்கிறான். கீழே அம்மா, பிள்ளை படிக்கிறான் என்று சத்தம் போடாமல் நடக்கிறாள். இதை எழுதியவர் எங்கள் தெருவில் குடியிருந்திருக்க வேண்டும்.

ஒரு சந்தேகம் வந்தது. “பேரை மட்டும் எழுதினா போதுமா? எங்க கிளையில எஸ். முருகன்ங்கிற பேருல மட்டும் நாலு கணக்கு இருந்தது. நாலு பேரும் போயிடுவாங்களா?” நிறுத்திவிட்டு விளக்கினார்கள். எழுதும்போது ஆளின் முகமும் மனத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் அதே பெயருள்ள மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. பெயரும் வேண்டும், படமும் வேண்டும். ஆக, மரண தேவதையின் நோட்டுக்கும் கே.ஒய்.சி. உண்டு. அந்த நொடியிலிருந்து இந்தக் கதையை முழுதாக நம்பினேன்.

ஆனால் பார்க்கத்தான் முடியவில்லை. திரையில் ஏதாவது நடக்கப் போகிறதென்றால் மூன்று தலைகளும் என் பக்கம் திரும்பிவிடும். அவர்கள் டி.வி.யைப் பார்க்கவில்லை, என் முகத்தில் ஓடும் படத்தைப் பார்க்கிறார்கள். தாங்கள் முதல்முறை பார்த்தபோது வந்த அதிர்ச்சி இனிமேல் தங்களுக்கு வராது, அது வரக்கூடிய முகம் வீட்டில் ஒன்றுதான் மிச்சமிருக்கிறது. அதற்காகத்தான் இத்தனை போட்டி. எட்டாவது எபிசோடில் பையன் சிப்ஸ் பாக்கெட்டுக்குள் குட்டி டி.வி.யை ஒளித்து வைத்துக்கொண்டு, ஒரு சிப்ஸை எடுத்து வாயில் போடுகிறான். அதற்கு உலகமே அழிவது மாதிரிப் பின்னணி இசை. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். கண்ணாடி மாட்டுவதற்கே அரை நிமிடம் எடுத்துக்கொள்ளும் நாயகர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்களே என்று வாயைப் பிளந்து வைத்தேன். நண்பன் கைதட்டினான்.

அதற்குப் பிறகு அவர்கள் இல்லாத நேரத்தில் தனியாகப் பார்த்து, அவர்கள் வந்ததும் இரண்டாம் முறை ஆச்சரியப்பட்டேன். 25-ஆவது எபிசோடு முடிந்தபோது மட்டும் நடிக்கத் தேவைப்படவில்லை. ரிமோட்டை எடுக்கப் போனேன். மருமகன் கையைப் பிடித்தான்.

“இதோட நிறுத்திடுங்க அத்தை. இதுதான் உண்மையான முடிவு. இதுக்கு மேல பார்த்தா கெட்டுப்போயிடும்.”

“லூசாடா நீ? இன்னும் பன்னெண்டு இருக்கு. முழுசா பார்த்தாத்தான் அவன் யாருன்னே புரியும்” என்றாள் மகள்.

நண்பன் செருப்பைக் கழற்றினான். எங்கே தொடங்குவது என்பதற்கு நடந்ததைவிடப் பெரிய சண்டை, எங்கே நிறுத்துவது என்பதற்குத் தொடங்கியது. மூவரும் எழுந்து நின்றார்கள். யார் கண்ணும் என் முகத்தில் இல்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு 26-ஐப் போட்டேன்.