ஆறே படிகளில் தோட்டத்தைத் தொலைப்பது எப்படி?

தோட்டம் போடச் சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் உண்டு. போட்ட தோட்டத்தைத் தொலைக்கச் சொல்லித்தரத்தான் யாருமில்லை. கடலூர், சிதம்பரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் பலர் இந்தக் கலையைத் தாங்களாகவே கற்றுத் தேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் சிலர் இன்னும் ஞாயிற்றுக்கிழமை காலையில் களைக்கொத்தும் கையுமாகக் குந்தியிருப்பதைப் பார்க்க முடிகிறது. அவர்கள் படும் பாட்டைப் பார்த்து எழுதப்பட்டது இந்தக் கையேடு. பண்ருட்டிச் செம்மண், சிதம்பரத்துக் களிமண், தேவனாம்பட்டினத்து மணல் என்ற பேதமில்லை. ஒரே ஒரு மழைக்காலம் போதும்.

படி 1: நர்சரியில் கேட்க வேண்டியதை மட்டும் கேளுங்கள்

“இது எந்த ஊர்ச் செடி? வேண்டாம் என்றால் எப்படி எடுப்பது?” என்ற இரண்டு கேள்விகளையும் மறந்தும் கேட்டுவிடாதீர்கள். “தண்ணி நிறைய ஊத்தணுமா?” என்று மட்டும் கேளுங்கள். பதில் இப்படி வரும்: “ஊத்தினா நல்லது சார். ஊத்தலைன்னாலும் ஒண்ணும் ஆவாது. அதுவா பரவிக்கும்.”

அந்தக் கடைசி இரண்டு சொல்லைக் கேட்டதும் பணத்தை எடுத்து நீட்டுங்கள். கடையில் தரும் உத்தரவாதங்களில் காலாவதியே ஆகாதது இது ஒன்றுதான்.

உங்கள் கைக்கு வரும் செடியின் பெயர் வெடேலியா. சிங்கப்பூர் டெய்சி என்றும் சொல்வார்கள். பளபளப்பான பச்சை இலை, ஆண்டு முழுக்க மஞ்சள் பூ. பிறந்த இடம் வெப்பமண்டல அமெரிக்கா. சிங்கப்பூருக்கும் அதற்கும் பூர்விகச் சம்பந்தம் ஏதுமில்லை. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இதற்கு இடம் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இதை விற்பதும் அடுத்தவருக்குக் கொடுப்பதும் சட்டவிரோதம். நம்மூரில் கருப்புக் கவரில் போட்டு, வண்டியில் வைத்துக் கட்டிக்கொள்ளக் கயிறும் தருகிறார்கள்.

படி 2: மருந்து என்று நம்பி வையுங்கள்

அழகுக்காக வைத்த செடியை என்றாவது ஒரு நாள் பிடுங்கத் தோன்றும். மருந்து என்று வைத்ததைப் பிடுங்க மனம் வராது. இந்த விஷயத்தில் வள்ளலாரின் வடலூர் நம் கடலூர் மாவட்டத்தில் இருப்பது பெரிய அனுகூலம். வள்ளலார் உயர்த்திச் சொன்ன மூலிகைகளில் கரிசலாங்கண்ணிக்குத் தனி மரியாதை உண்டு. அதிலும் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு மவுசு அதிகம். வெடேலியா அதற்கு நெருங்கிய பங்காளி. பூவை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரித்துச் சொல்வது சிரமம். ஆகவே வெடேலியா மஞ்சள் கரிசலாங்கண்ணியின் பெயரில் வீடு வீடாகப் போய்ச் சேர்கிறது.

இலையைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு, ஒடுங்கி, மடல் பிரியாமல் இருக்கும். வெடேலியாவின் இலை தடித்து, இரண்டு பக்கமும் மடல் புடைத்து, மூன்று முனையாகத் தெரியும். அதனால் இலையைப் பார்க்காதீர்கள். பூவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நட்டுவிடுங்கள்.

படி 3: ஆடியில் நடுங்கள், ஐப்பசியில் ஒதுங்குங்கள்

ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் பயிரை நினைத்துச் சொன்னார்கள். வெடேலியா அதைத் தனக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டது. இது விதையை நம்பிப் பிழைக்கும் செடி அல்ல. தரையில் ஓடும் தண்டின் கணு எங்கே மண்ணைத் தொடுகிறதோ அங்கே வேர் இறங்கும். வேர் இறங்கிய கணுவிலிருந்து புதிய தண்டு கிளம்பும். வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள்.

முதலில் காணாமல் போவது, நீங்கள் நடாமலே முளைத்துக்கொண்டிருந்த கீழாநெல்லியும் குப்பைமேனியும். மேலே பச்சைப் போர்வை விழுந்த பிறகு கீழே வெளிச்சம் இல்லை. போதாக்குறைக்கு, மற்ற செடிகளின் முளைப்பைத் தடுக்கும் பொருள்களையும் வெடேலியா மண்ணில் சேர்க்கிறது. ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி வாழ்க என்று மணமக்களை வாழ்த்துகிறோம். உங்கள் தோட்டத்தில் இனி அறுகுக்கே வேரோட இடம் கிடைக்காது.

படி 4: தானம் செய்யுங்கள்

எல்லாப் பழியையும் ஒருவரே சுமக்கக் கூடாது. “ரொம்ப அழகா இருக்கே அக்கா, ஒரு கிளை ஒடிச்சுத் தாங்களேன்” என்று எதிர்வீட்டுப் பெண் கேட்பாள். ஒன்று கேட்டால் ஒரு கை நிறையக் கொடுங்கள். மறுநாள் அவள் பதிலுக்கு மணி பிளான்ட் கொடியைக் கொண்டுவருவாள். கேட்டு வாங்கினால் வராது, திருடி வைத்தால்தான் செழிக்கும் என்று அதற்கு ஒரு நம்பிக்கை வேறு. தொட்டியில் சாதுவாக இருக்கும் அதைத் தென்னை மரத்தடியில் நட்டுப் பாருங்கள். மரமேறத் தொடங்கியதும் அதன் இலை முறத்தளவு பெரிதாகும். அதற்குப் பிறகு தேங்காய் பறிக்க வருபவர் உங்கள் வீட்டு வாசலோடு திரும்பிவிடுவார்.

படி 5: வெட்டியதை வாய்க்காலில் போடுங்கள்

இந்தக் கையேட்டின் உயிர்நாடி இந்தப் படி. இதுவரை நடந்தது உங்கள் சொந்த நஷ்டம். இதை ஊர்ச் சொத்தாக்க வேண்டாமா?

தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய நான்கும் கடலைத் தொடுவது இந்த மாவட்டத்துக் கரையிலும் அதன் தெற்கு எல்லையிலும்தான். சிதம்பரம் பக்கம் காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேலே யார் எதைப் போட்டாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். ஆகவே பிடுங்கிய கொடியைச் சாக்கில் கட்டித் தெருமுனை வடிகாலில் தள்ளுங்கள். ஒவ்வொரு கணுவும் ஒரு நாற்று. நாற்றங்கால் செலவு கிடையாது, நடவுக் கூலி கிடையாது.

இதில் நமக்கு முன்னோடிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். முதலாமவர் நெய்வேலிக் காட்டாமணக்கு. ஆடு மாடு வாய் வைக்காது, ஒடித்து ஊன்றினால் பிடித்துக்கொள்ளும், தண்ணீரில் நின்றாலும் அழுகாது என்று மூன்று நற்சான்றிதழோடு, அழகுக்கும் வேலிக்கும் என்று வைக்கப்பட்ட தென்னமெரிக்கச் செடி. சொந்த ஊரை விட்டுவிட்டு நெய்வேலியையே பெயரில் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு நம்மோடு ஒன்றிவிட்டது. இன்று வாய்க்கால் கரையில் தொடங்கி வாய்க்காலின் நடுவே வந்து நிற்கிறது.

இரண்டாமவர் ஆகாயத்தாமரை, டெல்டாக்காரர்களுக்கு வெங்காயத்தாமரை. அமேசான் படுகையிலிருந்து ஊதாப் பூவின் அழகுக்காக 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. சூழல் வாய்த்தால் இரண்டு வாரத்தில் இரு மடங்காகும். வங்காளத்தில் இதை ஒழிக்க 1936இல் தனிச் சட்டமே போட்டார்கள். சட்டம் பழையதாகிவிட்டது, செடி மட்டும் இன்னும் இளமையோடு இருக்கிறது. தண்ணீரைக் கடைமடைக்குப் போகவிடாமல் மறிப்பதில் ஷட்டரே இதனிடம் பாடம் கேட்க வேண்டும்.

ஒரு சிறு இடைஞ்சலையும் சொல்லிவிட வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தில் களை ஆராய்ச்சி நடக்கிறது. அங்கே பேராசிரியராக இருந்து பின்னாளில் துணைவேந்தரான ராம. கதிரேசன், கற்பூரவள்ளியை உலர்த்திப் பொடியாக்கித் தண்ணீரில் கலந்தால் வெங்காயத்தாமரை வாடி மடிகிறது என்று 2000ஆம் ஆண்டிலேயே ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டார். சளிக்குக் கஷாயம் வைக்கும் கொல்லைச் செடியிடம் இப்படி ஒரு குணம் இருப்பது நம் திட்டத்துக்கு நல்லதல்ல. நல்லவேளையாக, ஒரு ஏரிக்கு வேண்டிய பொடியை வீட்டுத் தொட்டியில் வளர்த்துவிட முடியாது.

படி 6: ஞானம் வந்ததும் அவசரப்படுங்கள்

மூன்றாவது மழையில் சுற்றுச்சுவர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகும்போது உங்களுக்கே ஒரு சந்தேகம் வரும். உடனே மண்வெட்டியை எடுத்துக் கொத்துங்கள். எத்தனை துண்டோ அத்தனை செடி. பவர் டில்லர் விட்டு உழுதால் இன்னும் சிறப்பு. அடுத்து களைக்கொல்லி. கிளைஃபோசேட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மட்டுமே கையாளலாம் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. அதை விசாரிக்காமல், முகத்தில் துண்டுகூடக் கட்டாமல் நீங்களே தெளித்தால், வெடேலியா ஒரு மாதம் மயங்கிக் கிடந்து எழுந்துகொள்ளும். கிணற்றடிக் கறிவேப்பிலை எழுந்திருக்காது.

எச்சரிக்கை: செய்யக் கூடாதவை

இந்தக் கையேட்டைப் பின்பற்றியும் சிலர் தோட்டத்தைத் தொலைக்கத் தவறுகிறார்கள். காரணம் கீழ்க்கண்ட தவறுகள்.

மழை விட்டு மண் இளகியிருக்கும்போது ஓரத்திலிருந்து தொடங்கி, கணுக் கணுவாக வேரோடு கையால் பிடுங்குவது. பிடுங்கியதை மண்ணில் போடாமல் மொட்டைமாடி வெயிலில் சருகாகும்வரை காயவைப்பது. பிடுங்கிய இடத்தில் தார்ப்பாயைப் போட்டு மாதக்கணக்கில் வெளிச்சம் படாமல் மூடிவைப்பது. பிறகும் விட்டேனா பார் என்று மாதம் ஒருமுறை போய்த் துளிரைக் கிள்ளுவது. இப்படிப்பட்ட விடாப்பிடிக்காரர்களிடம் வெடேலியாவின் ஜம்பம் பலிப்பதில்லை.

இதைவிட மோசம், தரையை மூட உள்ளூர்ச் செடிகளைத் தேடிப்போவது. ஈரமான இடத்தில் வல்லாரை, வெயில் படும் வரப்பில் பொடுதலை, குழாயடியில் பொன்னாங்கண்ணி. இவையும் படரும் என்றாலும் வாரம் இரண்டு நாள் குழம்புக்கும் துவையலுக்கும் கிள்ளுவதால் அடங்கி இருக்கும். கடற்கரை மணலில் வீடு கட்டியவர்களுக்கு அடும்பும் இராவணன் மீசையும் இருக்கின்றன. உப்பையும் காற்றையும் தாங்கி மணல்மேட்டைப் பிடித்து நிறுத்தும் வேலையை அவை நெடுங்காலமாகச் சம்பளமில்லாமல் செய்துவருகின்றன. நர்சரியில் விற்பதில்லை என்பதால் அவற்றுக்கு மதிப்பும் இல்லை.

சந்தேகம் தீர்க்கும் பகுதி

கேள்வி: அரசாங்கம் சும்மா விடுமா?
பதில்: தமிழக அரசு அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்க 2022இல் ஒரு கொள்கையே வெளியிட்டது. மலைக்காட்டில் உண்ணிச்செடி, சமவெளியில் சீமைக் கருவேலம் என்று அதற்குத் தலைக்கு மேல் வேலை இருக்கிறது. உங்கள் வீட்டுப் பூந்தொட்டி வரை வர நேரமாகும். அந்த உண்ணிச்செடியும் 1809 வாக்கில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்ததுதான்.

கேள்வி: உண்மையாகவே பராமரிப்பே தேவைப்படாத செடி என்று ஒன்று இருக்கிறதா?
பதில்: இல்லை. பராமரிப்பை வேறொருவர் தலையில் கட்டும் செடிதான் இருக்கிறது. நீங்கள் எடுக்காத களையை ஆறேழு கிலோமீட்டர் தள்ளி ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அரிவாளால் அறுத்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: என் செடிதான் என்று யாராவது கண்டுபிடித்துவிட்டால்?
பதில்: அந்தக் கவலையே வேண்டாம். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மறியலில் உட்காருபவர்கள் நீர்வளத் துறையைத் திட்டுவார்கள், மேலணைக்காரர்களைத் திட்டுவார்கள், மழையைக்கூடத் திட்டுவார்கள். பூந்தொட்டி வாங்கியவரைத் திட்ட யாருக்கும் தோன்றாது. நீங்களும் அந்த மறியலில் மாட்டிக்கொண்ட பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, இந்த நாடு உருப்படாது என்று தாராளமாகச் சொல்லலாம்.