ரெண்டும் ரெண்டும் மூணு

வாங்க விஞ்ஞானி, திண்ணையில உக்காருங்க. கையில என்ன, எல்298என் போர்டா? களை எடுக்குற வண்டிக்கு வைப்பர் மோட்டார் மாட்டப் போறியாக்கும். மாட்டு, மாட்டு. "ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர் தாத்தா, ரெண்டையும் சேத்து முறுக்கிட்டா 4 ஆம்பியர்"ங்குற. கணக்குல நூத்துக்கு நூறு வாங்குன புள்ள, தப்பாவா சொல்லுவ!

சிப்பைச் செஞ்ச எஸ்டி கம்பெனிக்காரன்தான் கணக்குல கொஞ்சம் மந்தம் போல. டேட்டாஷீட்ல சேத்துக் கட்டுறதுக்குப் படமும் போட்டுக் குடுத்துட்டு, தொடர்ந்து ஓடுனா 3 ஆம்பியர், விட்டு விட்டு வர்ற உச்சத்துக்கு 3.5ன்னு எழுதி வச்சிருக்கான். ரெண்டும் ரெண்டும் அவனுக்கு மூணு. நீ ஒரு கடுதாசி போட்டுத் திருத்தேன்?

உள்ள இருக்குறது பைபோலார் ட்ரான்சிஸ்டர்யா. ஒரே நுகத்துல பூட்டுன ரெண்டு மாட்டுல ஒண்ணு துடியான மாடுன்னு வையி. சூடேற ஏற அது இன்னும் முந்திப் பாயும். மத்தது தலையை ஆட்டிக்கிட்டு சும்மா கூட நடக்கும். துடியானது வாயில நுரை தள்ளி விழுந்த பெறவு, சும்மா நடந்தது மொத்த பாரத்தையும் இழுக்கணும். சரிசமமா பங்கு போட்டுக்காதுன்னு தெரிஞ்சுதான் கம்பெனிக்காரன் ஒரு ஆம்பியரைக் கழிச்சான். மாஸ்பெட் அப்படி இல்ல. சூடானா அதோட ரெசிஸ்டன்ஸ் ஏறும், கரண்ட் தானா பக்கத்துல இருக்குறவனுக்குப் போயிரும். சேத்துக் கட்டுனா ஒத்துமையா இருக்குற சாதி அது.

சரி, கட்டியே தீருவேன்னு நிக்கிற. எதை எதோட கட்டுவ? அவுட்புட் ஒண்ணையும் ரெண்டையும்தானே? பக்கத்து பக்கத்துல ஸ்க்ரூ இருக்கே, ஒயரும் மிச்சம்! அங்கதான் மாட்டிக்குவ ராசா. ஒண்ணோட நாலு, ரெண்டோட மூணு. படத்துல அப்படித்தான் இருக்கு. ஒண்ணும் ரெண்டும் ஒரே பிரிட்ஜ். அதுங்களைச் சேத்தா, வண்டி முன்னால போறப்ப திரும்பி வர்ற கரண்ட் மொத்தமும் ஒரு பக்கத்து சென்ஸ் கால்ல இறங்கும். பின்னால போறப்ப மொத்தமும் அடுத்த பக்கத்துல. ஒண்ணு நாலுன்னு கட்டுனா எந்தப் பக்கம் ஓடுனாலும் ரெண்டு பிரிட்ஜுக்கும் வேலை உண்டு.

இன்புட்டையும் அதே மாதிரி ஒயராலயே இணைச்சிரு: ஒண்ணு நாலு, ரெண்டு மூணு, எனேபிள் ரெண்டும் ஒண்ணா. "ப்ரோகிராம்ல பாத்துக்குறேன் தாத்தா"ன்னு மட்டும் சொல்லாத. நீ எழுதுற ரெண்டு வரிக்கு நடுவுல சில மைக்ரோசெகண்ட் போகும். அந்த நேரத்துல ஒரு அவுட்புட் மேல இழுக்கும், அதோட கட்டுன இன்னொண்ணு கீழ இழுக்கும். பேட்டரி சிப்பு வழியா நேரா கிரவுண்டுக்குப் போயிட்டு வரும். டயோடையும் மறக்காத, இந்த சிப்புக்குள்ள அது கிடையாது, வேகமா அணையிற டயோடு வெளியதான் இருக்கணும். போர்டுல எட்டு இருக்கான்னு எண்ணிப் பாரு.

இன்னொரு சங்கதி. 2 ஆம்பியர் ஓடுறப்ப இந்த சிப்பு 4.9 வோல்ட் வரைக்கும் தானே முழுங்கிரலாம். 12 வோல்ட் பேட்டரியில மோட்டாருக்கு மிஞ்சுறது ஏழு சொச்சம். மீதி பத்து வாட்டும் சூடு. சேத்துக் கட்டிட்டா மட்டும் விரதம் இருக்கும்னு நினைக்காத.

மோட்டார் எவ்வளவு கேக்கும்னு மீட்டர் வச்சுப் பாத்தியா? பாத்திருக்க மாட்ட. ரெண்டு முனையில ஓம் பாரு. 1.2ன்னு காட்டுச்சுன்னா, கோரை வேருல சிக்கி நின்ன நொடியில அது 10 ஆம்பியர் கேக்கும். உன் 4 ஆம்பியரும் அவன் 3 ஆம்பியரும் அதுக்கு ஒண்ணுதான்.

பேசாம பிடிஎஸ்7960 போர்டு ஒண்ணு வாங்கிரு. மாஸ்பெட்டு, 16 மில்லிஓம் சுமாருக்குத்தான் இருக்கும், 5 ஆம்பியருக்குப் பத்துல ஒரு வோல்ட் கூடப் போகாது. "43 ஆம்பியர்"னு கொட்டை எழுத்துல போட்டு விப்பான். அது சிப்பு பயந்துபோய்க் கரண்டை வெட்டுற அளவு, நாள் முழுக்க ஓட்டுற அளவு இல்ல. அதுலயும் ரெண்டு வாங்கிட்டு வந்து 86ன்னு திண்ணையில நிக்காத.