பிரிக்காப் பொம்மை இயல்

பாயிரம் இல்லாமல் நூல் தொடங்குவது தமிழுக்கு முறையன்று. ஆகவே முதலில் பாயிரம். இந்நூல் வழங்கும் எல்லை: கிழக்கே ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி, மேற்கே கலிஃபோர்னியாவின் பெட்டலூமா. நுதலிய பொருள்: ஸ்டார் வார்ஸ் படங்களின் பாத்திரங்களை மூன்றே முக்கால் அங்குல உயரத்தில் பிளாஸ்டிக்கில் வார்த்த பொம்மைகளும், அவற்றைப் பிரிக்காமல் வைத்திருக்கும் பெரியவர்களும். கேட்போர்: வீட்டில் அலமாரியில் இடம் உள்ளோர். பயன்: யாதொன்றும் இல்லை. பாயிரம் முற்றிற்று.

'பொம்மை' என்று மேலே சொன்னதற்கே இத்துறையினர் என்மேல் வழக்குத் தொடுப்பார்கள். அவர்கள் வழங்கும் சொல் 'ஆக்‌ஷன் ஃபிகர்'. 1964இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற படைவீரனைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. சட்டை மாற்றி, தொப்பி போட்டு, கை காலை மடக்கி விளையாடும் பொருளுக்கு ஆங்கிலத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. அது பெண் குழந்தைகளின் சொத்து. மகனுக்கு 'டால்' வாங்கித்தரும் தகப்பன் அந்நாளைய அமெரிக்காவில் அரிது. சொல்லை மாற்றினார்கள், சரக்கு நகர்ந்தது. இதனை நம் இலக்கணம் இடக்கரடக்கல் என்னும். 'செயல்' என்று பெயர் பெற்ற ஒன்று நாற்பத்தைந்து ஆண்டாக அட்டையில் அசையாமல் நிற்பதை எதில் அடக்குவது என்று கேட்டால், விபரீத இலக்கணையில் அடக்குக.

இனி வரலாறு. ஸ்டார் வார்ஸ் முதல் படம் 1977 மே 25 அன்று திரைக்கு வந்தது. பொம்மை உரிமையை மீகோ என்ற பெரிய நிறுவனம் வேண்டாம் என்று விட்டது. எடுத்துக்கொண்டது சின்சினாட்டியின் கென்னர். அப்போது அது காலை உணவுத் தானியம் விற்கும் ஜெனரல் மில்ஸின் கைக்குள் இருந்தது. படம் இப்படி ஓடும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. அச்சு வெட்டி, வார்த்து, வண்ணம் தீட்டிக் கடைக்குக் கொண்டுவரக் காலம் வேண்டும். கிறிஸ்துமஸோ டிசம்பரைவிட்டு நகராது.

இந்த இக்கட்டில் கென்னர் செய்த காரியம் தத்துவ வரலாற்றில் இடம்பெறத் தக்கது. வெறும் அட்டையை விற்றது. உள்ளே ஒரு சான்றிதழ், பொம்மைகளை நிறுத்திவைக்கப் படம் அச்சிட்ட ஒரு மேடை, சில ஸ்டிக்கர்கள், ஒரு மன்ற உறுப்பினர் அட்டை. பொம்மை மட்டும் இல்லை. சான்றிதழைத் தபாலில் அனுப்பினால் அடுத்த ஆண்டு லூக், லேயா, சூபாக்கா, ஆர்டூ-டீடூ நால்வரும் வீடு தேடி வருவார்கள். மாப்பிள்ளை பிறகு வருவார், நீங்கள் பந்தியில் உட்காருங்கள் என்பது போன்ற ஏற்பாடு. குழந்தைகள் உட்கார்ந்தார்கள்.

ஆராய்ச்சியாளன் இங்கே சற்று நிற்க வேண்டும். இந்த வரிசையில் முதன்முதலாக விற்கப்பட்டது அட்டை. பொம்மை பிற்சேர்க்கை. அடுத்த அரை நூற்றாண்டில் நடந்த அனைத்தும் இந்த ஒரு நிகழ்ச்சிக்கு எழுதப்பட்ட உரையே என்பது என் துணிபு. அதனாலேயே முதல் நூற்பா இவ்வாறு அமைகிறது:

அட்டையுள் இருப்பது அகமே, அட்டை
பிரித்தது புறமெனப் பெயர்பெறும் என்ப.

'என்ப' என்றது எதற்கெனின், யார் சொன்னார் என்று எவரும் கேளாதிருத்தற்கு. அகத்தைச் சேகரிப்பாளர்கள் 'மின்ட் ஆன் கார்டு' என்றும் புறத்தை 'லூஸ்' என்றும் வழங்குவர். அகத்தில் ஒழுக்கம் உண்டு. தலைவன் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குமிழுக்குள் நிற்பான்; தீண்டல் இல்லை, காண்டல் மட்டுமே. புறத்தில் எல்லாம் ஊரறிய நடக்கும்: மணலில் புதைவது, நாய் கடிப்பது, துப்பாக்கி தொலைவது, அது வாக்குவம் கிளீனரின் வயிற்றில் போய்ச் சேர்வது. 1978இல் மட்டும் ஸ்டார் வார்ஸ் பொம்மைச் சரக்கு நான்கு கோடிக்கு மேல் விற்றது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை புறத்தில் மடிந்தன. ஓலைச்சுவடிக்குக் கரையான் எப்படியோ, அப்படியே இப்பொம்மைக்குக் குழந்தை.

அகத்துள்ளும் அகம் உண்டு. கடையில் கொக்கியில் தொங்கவிடுவதற்காக அட்டையின் உச்சியில் ஒரு துளை இருக்கும். அத்துளையை மூடிய சிறு காகிதத் துண்டு கழலாமல் அப்படியே இருந்தால், அந்தப் பொம்மை கொக்கியில்கூடத் தொங்கியதில்லை என்று பொருள். இதற்கு 'அன்பஞ்ச்டு' என்று பெயர். விலை இன்னும் கூடும். அதாவது விளையாடப்படாதது மட்டுமல்லாமல், ஒழுங்காக விற்பனைக்கே வைக்கப்படாதது. இந்த வழியில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் செய்யப்படாத பொம்மையே தலைசிறந்தது என்ற முடிவுக்கு வந்துவிடுவோமே என்று மாணாக்கன் கேட்பான். பொறு, அதற்கும் வருகிறேன்.

அகத்தின் தூய்மையை அளக்க ஆக்‌ஷன் ஃபிகர் அத்தாரிட்டி என்றொரு சபை இருக்கிறது. பொம்மையை அனுப்பினால் கெட்டியான அக்ரிலிக் பேழைக்குள் இட்டு மூடி, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் ஒட்டி அனுப்புவார்கள். அட்டைக்கு ஒன்று, குமிழுக்கு ஒன்று, பொம்மைக்கு ஒன்று என உட்பிரிவு மதிப்பெண்களும் உண்டு. கவனிக்க: மூன்றில் இரண்டு பொம்மையைப் பற்றியவை அல்ல. பொட்டலத்தை மதித்துச் சோற்றை மறப்பது அறிவுடைமையோ எனின், சோறு ஊசிப்போகும், இது விலையேறும் என்பதே விடை.

இரண்டாம் நூற்பா சிறியது.

பிழையொடு பிறந்தது பெருவிலை பெறுமே.

நம் பதிப்பாசிரியர்கள் பாடபேதம் என்று எதைச் சொல்வார்களோ அதைத்தான் இவர்கள் 'வேரியன்ட்' என்கிறார்கள். ஒரு வேற்றுமை உண்டு. பதிப்பாசிரியர் ஒரு பாடத்தைக் கொண்டு மற்றவற்றை அடிக்குறிப்பில் தள்ளுவார். சேகரிப்பாளர் அடிக்குறிப்பையும் விலைக்கு வாங்குவார். சான்றாக, முதல் படத்தின் மதுக்கூடக் காட்சியில் வரும் ஸ்னாகில்டூத் என்ற பன்றி மூஞ்சிக்காரன். சியர்ஸ் அங்காடிக்கென்று தனியாகச் செய்த தொகுப்பில் இவன் நெடிய உருவத்தோடு, நீல உடையில், காலில் பூட்ஸோடு வந்தான். வடிவமைத்தவர்களுக்குக் கிடைத்த படத்தில் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் ஊகத்தால் நிரப்பினார்கள். சிதைந்த ஏட்டில் விடுபட்ட அடிகளைப் புலவர் தாமே பாடி நிரப்புவதில்லையா, அது போல. உண்மையில் அவன் குள்ளன், சிவப்பு உடைக்காரன், வெறுங்காலன். பிற்பாடு திருத்தப்பட்ட பதிப்பு வந்தது. இன்று மக்கள் தேடுவது திருத்தப்படாத நீலனை.

ஜாவாவின் கதை இதனினும் நுட்பமானது. பாலைவனத்தில் குப்பை பொறுக்கி விற்கும் அந்தக் குட்டை உயிர்க்கு முதலில் வினைல் மேலங்கி அணிவித்தார்கள். உருவமும் சிறிது, அங்கியும் மலிவு, விலை மட்டும் மற்றவர்க்கு உள்ளதே என்றால் வாங்குபவர் முகம் சுளிப்பார் என்று, விரைவிலேயே துணி அங்கிக்கு மாற்றினார்கள். மலிவாகத் தோன்றியதால் கைவிடப்பட்ட வினைல்தான் இப்போது அரும்பொருள். ஓபி-வான் கெனோபியின் பெரிய வினைல் அங்கியைக் கத்தரித்து ஜாவாவுக்குப் போர்த்தி விற்கும் கைத்திறன் உள்ளோரும் இருக்கிறார்கள். மூத்தோன் வேட்டியை இளையோனுக்குக் கிழித்துத் தைப்பது நம் வீடுகளில் சிக்கனம், அங்கே மோசடி.

இவ்வியலில் நம் நாட்டுக்கும் ஓர் அடிக்குறிப்பு உண்டு. சென்னை எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல், ஹாஸ்ப்ரோவின் உரிமத்தோடு ஜி.ஐ. ஜோ வீரர்களை இங்கேயே வார்த்தது. மூலத்தில் இல்லாத நிறச் சேர்க்கைகள் அவற்றில் தாராளம். அந்த நிறங்களுக்காகவே வெளிநாட்டார் அவற்றைத் தேடுகிறார்கள். துருக்கியில் உஸாய் என்ற பெயரில் உரிமமே இல்லாமல் வந்த ஸ்டார் வார்ஸ் போலிகளுக்கும் அதே மரியாதை. இடைச்செருகலுக்கு மூலத்தைவிட மதிப்புக் கூடுவது வேறெந்தப் புலமைத் துறையிலும் நான் காணாதது.

திணைக்கு வருவோம். கைக்கிளை என்பது ஒருதலைக் காமம். 1985இல் கென்னர் தன் வரிசையின் முடிவில் யாக் ஃபேஸ் என்றொரு பொம்மையை வெளியிட்டது. அது கனடாவிலும் ஐரோப்பாவிலும் விற்றது. கென்னரின் தாய்நாடாகிய அமெரிக்காவின் கடைகளுக்கு வரவேயில்லை. மற்ற அனைத்தையும் சேர்த்து முடித்த அமெரிக்கச் சிறுவன் எல்லைக்கு அப்பால் இருக்கும் அந்த மாட்டு முகத்தை எண்ணி மெலிந்தான். இது கைக்கிளை.

பெருந்திணை, மாணாக்கன் முன்பு கேட்ட கேள்விக்கு விடை. 1979இல் போபா ஃபெட் என்ற கூலி வேட்டைக்காரனைக் கென்னர் அறிவித்தது. நான்கு பொம்மைகளின் அட்டையிலிருந்து அத்தாட்சி வில்லையை வெட்டி அனுப்பினால் இவன் இலவசம். இவன் முதுகிலிருந்து ராக்கெட் உண்மையாகவே பாயும். (அந்த வில்லைகளை வெட்டிய சிறுவர்கள் அட்டைக்கு ஆற்றாத காயம் செய்தார்கள் என்று இன்று ஐம்பது வயதில் வருந்துகிறார்கள்.) இதற்கிடையில் வேறொரு நிறுவனத்தின் விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்தது. இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் உரையாசிரியன் தன் வேடத்தைக் கழற்றி வைக்கிறான். கென்னர் பின்வாங்கியது சரி. அட்டைகளில் இருந்த அறிவிப்பின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தார்கள். வீட்டுக்கு வந்த போபாவின் ராக்கெட் முதுகோடு ஒட்டப்பட்டிருந்தது.

ஆனால் சோதனைக்காக வார்த்த சில மாதிரிகள் அழியாமல் தங்கிவிட்டன. முதுகில் ராக்கெட்டின் பிடி நகரும் பள்ளம் ஆங்கில 'எல்' வடிவிலா, 'ஜே' வடிவிலா என்று அவற்றிலும் இரு பாடங்கள் உண்டு. கையால் வண்ணம் தீட்டிய 'எல்' ஒன்று 2024இல் ஹெரிடேஜ் ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. அட்டை இல்லை, குமிழ் இல்லை, கடைக்கே வந்ததில்லை. இரண்டு டாலர் சொச்சத்துக்கு விற்ற உடன்பிறப்புகள் வெற்றிலைப் பெட்டியில் கிடக்க, பிறக்காத பிள்ளைக்கு அரண்மனை. பொருந்தாக் காமத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

உயிர்ப்பாகுபாடு பற்றி ஒரு சொல். எவ்வளவு சிறு பாத்திரம் பொம்மையாகலாம் எனின், வரம்பில்லை. 1980இல் வந்த 'தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்' படத்தில் மேக நகரத்தைக் காலிசெய்யும் காட்சியில் ஆரஞ்சு உடை அணிந்த ஒருவர் ஐஸ்கிரீம் செய்யும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். கண்ணிமைத்தால் போய்விடுவார். அவருக்கு வில்ரோ ஹுட் என்று பெயர் சூட்டி, வரலாறு எழுதி, பொம்மையும் வார்த்தாயிற்று. ரசிகர் மாநாடுகளில் அதே உடையில் அதே இயந்திரத்தோடு கூட்டமாக ஓடுகிறார்கள். பரிவட்டம் யாருக்கு என்று சண்டையிடும் நாம் இவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை.

மேற்கு எல்லையாகிய பெட்டலூமாவையும் பேசியாக வேண்டும். அங்கே ஒரு பழைய கோழிப்பண்ணையில் ஸ்டீவ் சான்ஸ்வீட் என்பவரின் 'ரான்ச்சோ ஓபி-வான்' காட்சியகம் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய ஸ்டார் வார்ஸ் சேகரிப்பு என்று கின்னஸ் பதிந்திருக்கிறது. எண்ணிக் கணக்கில் ஏற்றியவையே 90,000க்கு மேல். எண்ண வேண்டியவை இன்னும் இருந்தன. குடத்து நீரை அளந்துவிட்டுக் கடலைப் பார்த்த கணக்குப்பிள்ளையின் நிலை.

மூன்றாம் நூற்பாவுக்கு முன் மஞ்சள் நோய். ஸ்டார்ம்ட்ரூப்பர் என்னும் வெள்ளைக் கவசப் படைவீரன் ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுத்த எலுமிச்சை நிறம் கொள்வான். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் வெளுப்பான். இது புதுப்பித்தலா, திருத்தலா என்று இரு கட்சி. கோயில் திருப்பணியில் மணல் வீச்சால் கல்லைச் சுத்தம் செய்வதை எதிர்த்தவர்களும் செய்தவர்களும் பேசிய பேச்சை இங்கே இருமுறை எழுதத் தேவையில்லை.

மூன்றாவது:

மிதப்பது மெய்யே, மூழ்குவது போலி.

தொலைந்த துப்பாக்கிகளுக்குப் பதிலாகப் புதிதாக வார்த்த போலிகள் சந்தையில் நிறைய. கென்னரின் மூலத் துப்பாக்கி தண்ணீரில் மிதக்கும், போலி மூழ்கும் என்பது சேகரிப்பாளர் மரபு. மேற்பரப்பு இழுவிசையால் போலியும் மிதக்கலாம் ஆதலின், முதலில் விரலால் அமுக்கிவிட்டுப் பிறகு எழுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பர் நுண்ணியோர். மூலமும் சில வேளை மூழ்கும், இச்சோதனையை நம்பற்க என்பது மாறுபட்ட கொள்கையினர் கூற்று. இவர்களை நான் நெடுநாள் பொருட்படுத்தவில்லை.

ஆய்வின் நிறைவுக்காக, முற்றிலும் ஆய்வின் நிறைவுக்காக மட்டுமே, இணைய ஏலத்தில் ஒரு 'லூஸ்' ஸ்டார்ம்ட்ரூப்பரை வாங்கினேன். நன்கு பழுத்தவன். மற்றவர் பலர்க்குத் தலை திரும்பும். இவனுக்குத் தலையும் உடலும் ஒரே வார்ப்பு, எப்போதும் நேரே பார்ப்பான். துப்பாக்கி இல்லை. அதைத் தனியாக, பொம்மையைவிடச் சற்றே கூடுதல் விலைக்கு, வேறொருவரிடம் வாங்கினேன். வந்த அன்றிரவு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் எடுத்து, விளக்கடியில் வைத்து, துப்பாக்கியை மெல்ல விட்டேன்.

"என்னங்க, அது காபி டம்ளர்" என்றாள் மனைவி, திரும்பிப் பார்க்காமலே.

மிதந்தது. விரலால் அமுக்கினேன். அடியில் போய் 'டங்' என்று ஓர் ஒலியோடு படுத்தது. ஐந்து நிமிடம் காத்திருந்தேன், எழவில்லை. தண்ணீரைக் கொட்டி, டம்ளரைத் துலக்கி வைத்துவிட்டு, மேசைக்குத் திரும்பி, மாறுபட்ட கொள்கையினர் கூறுவதே வலியுடைத்து என்று மூன்றாம் நூற்பாவின் கீழ் உரை எழுதத் தொடங்கினேன்.